பன்னிரண்டு காலாண்டுகள்: வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கிய அனுபவம்

தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தரும் உதவித்தொகையை மூன்று ஆண்டுகள் முழுதாக வாங்கியவள் நான். 2020 அக்டோபர் காலாண்டில் தொடங்கி 2023 செப்டம்பர் காலாண்டில் முடிந்தது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,800 ரூபாயாக வங்கிக் கணக்கில் ஏறும். பன்னிரண்டு முறை சேர்த்தால் 21,600 ரூபாய். இந்தத் தொகைக்காக அலையலாமா, அலைந்தால் என்ன கிடைக்கும், எங்கே தடுக்கும் என்று கேட்கிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பத்தாம் வகுப்பில் தோல்வி என்றால் மாதம் 200 ரூபாய், தேர்ச்சி என்றால் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டப்படிப்புக்கு 600. மாற்றுத்திறனாளிகளுக்கு இது 600 முதல் 1,000 வரை போகும். அவர்கள் பதிவு செய்து ஓராண்டு ஆனாலே விண்ணப்பிக்கலாம், பத்து ஆண்டுகள் வரை பெறலாம், வருமான உச்சவரம்பும் இல்லை. மற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகள்தான். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. வயது 40-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 45.

எல்லாவற்றையும்விடக் கடினமான நிபந்தனை ஒன்று உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும்; அந்த ஐந்து ஆண்டுகளும் பதிவு அறுபடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். நான் 2015 ஜூலையில் பி.காம். முடித்த கையோடு பதிந்தேன். அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கையில் பணமே இல்லாத காலம் என்றால் அதுதான். பேருந்துக் கட்டணம் இல்லாமல் இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போகாமல் விட்டிருக்கிறேன். உதவி தேவைப்பட்டது அந்த ஆண்டில். கிடைத்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. இந்தக் காத்திருப்பை நான் இன்றுவரை ஏற்கவில்லை. வேலை போன மறுமாதமே வீட்டுச் செலவு வந்து நிற்கிறது. ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்து வருவதில்லை.

2018-இல் புதுப்பித்தேன். தவறியிருந்தால் பதிவு மூப்பு போயிருக்கும், உதவித்தொகைக்கான ஐந்தாண்டுக் கணக்கும் போயிருக்கும். விண்ணப்பப் படிவம் வாங்கப் போன அன்று எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அட்டையை எடுத்து நீட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் தேதி அழிந்திருந்தது. அலுவலர் கணினியில் பார்த்துவிட்டு, “உங்கள் பதிவு காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிறதே அய்யா” என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. அட்டையை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். விட்டுப்போன புதுப்பித்தலுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கிறது. அது அவர் காதுக்கு எட்டியதோ இல்லையோ. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த மாதத்தை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். இணையதளத்திலேயே புதுப்பிக்கலாம், அலுவலகம் போகத் தேவையில்லை.

அடுத்தது வருமானச் சான்று. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 6,000, நாளைக்கு 200 ரூபாய்கூட இல்லை. ஒரு வீட்டில் ஒரே ஒருவர் கட்டட வேலைக்கு ஒழுங்காகப் போனாலே இதைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் அம்மாவின் விதவை உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய், நூறு நாள் வேலையில் கிடைத்த கூலி, அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியே வரம்புக்குள் வந்தோம். ஆனால் எங்களோடு படித்த பல பேர் வீடுகள் 80,000, 90,000 என்று நிற்கின்றன. அவர்களும் எங்களைப் போலத்தான் சாப்பிடுகிறார்கள். குறைத்துச் சொல்ல மனம் வராமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

படிவத்தில் கையெழுத்து வாங்க வருவாய்த் துறை அலுவலகத்துக்கு நான்கு நாட்கள் போனேன். முதல் நாள் கையெழுத்துப் போடும் அலுவலர் முகாமில் இருந்தார். இரண்டாம் நாள் கூட்டம். மூன்றாம் நாள் இருந்தார்; குடும்ப அட்டையின் ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். நான்காம் நாள் கையெழுத்துப் போடுமுன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“வேலை எதுவும் பார்க்கவில்லையா? டியூஷன் எடுப்பதாகச் சொன்னார்களே?”

எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். தெருப் பிள்ளைகள் ஐந்து பேர், மாதம் தலைக்கு 100 ரூபாய். அரசு வேலையோ தனியார் வேலையோ சுயதொழிலோ செய்பவர் இந்த உதவித்தொகை பெற முடியாது என்பது விதி. ஆண்டுதோறும் அதை உறுதிசெய்து சுய உறுதிமொழி ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 500 ரூபாய் டியூஷனைத் தொழில் என்று சொல்வதா வேண்டாமா என்று அன்று இரவெல்லாம் அம்மாவும் நானும் பேசினோம். “பொய்க்கு மட்டும் கையெழுத்துப் போடாதே” என்றார் அம்மா. மறுநாள் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இனிமேல் காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை. நானும் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆக, 600 ரூபாய் கிடைத்ததில் உண்மையான வரவு 100 ரூபாய். வேலை தேடுகிற ஒருவர் ஒன்றிரண்டு மணி நேரம் சிறு வேலை செய்து 500 ரூபாய் சம்பாதித்தால் அது அவர் முயற்சி. அதை விட்டுவிட்டு வந்தால்தான் உதவி என்று சொல்லும் விதி மாற வேண்டும். குறைந்த அளவு சம்பாத்தியம் இருந்தாலும் தொகை நிற்காது என்று ஒரு வரம்பு வைத்தாலே போதும்.

பணம் வந்த விதத்தைப் பற்றிக் குறை அதிகமில்லை. முதல் தவணை ஏறியபோது பாஸ்புக்கில் பதிந்து பார்த்தேன். இயந்திரம் கறகறவென்று அச்சடித்துக் கொடுத்த வரியில் 1,800.00 என்று இருந்தது. அதற்கு மேலே இருந்த இருப்பு 212 ரூபாய். அந்தப் பணத்தில் டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு 150, பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்று, மீதி மளிகைக் கடைப் பாக்கி. மூன்று ஆண்டுகளும் ஏறக்குறைய இப்படித்தான் போயின. தேர்வுக் கட்டணம், மாவட்டத் தலைநகருக்குப் பஸ் டிக்கெட், ஜெராக்ஸ், புகைப்படம். இந்த 1,800 வயிற்றை நிரப்பவில்லை. ஆனால் விண்ணப்பம் போடுவதற்காக அம்மாவிடம் கைநீட்டாமல் இருக்க முடிந்தது. 26 வயதுப் பெண்ணுக்கு அது சிறிய காரியமில்லை.

ஒரே ஒரு பெரிய தடங்கல் 2021-இல் வந்தது. என் கணக்கு இருந்த பொதுத்துறை வங்கி, 2020 ஏப்ரல் 1-இல் நடந்த வங்கி இணைப்புகளில் இன்னொரு வங்கியோடு சேர்க்கப்பட்டது. பிறகு கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அதை உதவித்தொகையோடு நான் சேர்த்து நினைக்கவில்லை. ஒரு காலாண்டுத் தொகை வரவில்லை. கொஞ்சம் தாமதம் போலும் என்று காத்திருந்தேன். அடுத்த காலாண்டும் வரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் கோப்பை எடுத்து, பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிவந்து என் பெயரில் நிறுத்தினார். “பணம் போய்த் திரும்பி வந்திருக்கிறதம்மா. குறியீடு பழையது. புது பாஸ்புக் நகல் கொடுங்கள்” என்றார். கொடுத்தேன். பிறகு இரண்டு தவணையும் சேர்ந்து 3,600 ரூபாயாக வந்தது. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வங்கி விவரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள். பணம் திரும்பினால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

என் சித்தப்பா மகனுடைய அனுபவத்தையும் இங்கே வைக்க வேண்டும். அவன் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உண்டு. 2020 ஊரடங்கில் வேலை போனது. இ.எஸ்.ஐ.யில் காப்பீடு செய்தவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற வேலையிழப்பு உதவித் திட்டம் 2018 ஜூலையிலேயே தொடங்கியிருந்தது. முதலில் சராசரி தினக் கூலியில் 25 சதவீதம்தான் கொடுத்தார்கள். கொரோனாவை ஒட்டி, 2020 மார்ச் 24 முதல் வேலை இழந்தவர்களுக்கு அதை 50 சதவீதமாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாட்களுக்குக் கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறை மட்டும். முன்பு முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அதையும் தளர்த்தி, தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றார்கள். அவனுக்கு அது பெரிய ஆறுதல். வேலையை விட்டு அனுப்பியவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்கும் நிலை இல்லாமல் போயிற்று. அவன் சம்பளத்துக்கு மூன்று மாதத்தில் வந்த தொகை, நான் மூன்று ஆண்டில் வாங்கியதற்கு ஏறக்குறைய சமம். அதைவிட முக்கியம், வேலை போன சில மாதங்களுக்குள் வந்தது. வாடகை கட்ட அது உதவியது. எனக்கு வந்த பணத்தால் அப்படி எதையும் தாங்க முடிந்ததில்லை.

அம்மாவின் நூறு நாள் வேலையிலும் ஓர் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை கேட்டு 15 நாட்களுக்குள் தரவில்லையென்றால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று இருந்தது: முதல் 30 நாட்களுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, அதன் பிறகு குறைந்தது அரைப் பங்கு. அம்மாவோடு வேலைக்குப் போன யாருக்கும் அது கிடைத்து நான் பார்த்ததில்லை. வேலை கேட்டதற்குத் தேதியிட்ட ரசீது கையில் இருந்தால்தானே 15 நாளை எண்ண முடியும்? ரசீது வாங்கும் வழக்கமே எங்கள் பக்கம் இல்லை. வாய்மொழியாகக் கேட்பார்கள், “சொல்லி அனுப்புகிறோம்” என்பார்கள், திரும்பி வருவார்கள். 2020 கோடையில் நான் அம்மாவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். நான்கு நாளில் வேலை கொடுத்துவிட்டார்கள்.

விண்ணப்பிக்கத் தயங்கும் பலர், இதை வாங்கினால் வேலைவாய்ப்புப் பதிவு ரத்தாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். ரத்தாகாது. என் பதிவு இன்றும் 2015 மூப்போடு இருக்கிறது. படிவம் இலவசம்தான். எழுதிக் கொடுக்க 300 ரூபாய் கேட்ட ஒருவரை அலுவலக வாசலிலேயே பார்த்தேன். கொடுக்காதீர்கள், உள்ளே கேட்டால் சொல்லித்தருகிறார்கள். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்கு நேரடியாகப் போய்ப் படிப்பவர்கள்தான் கூடாது.

கடைசித் தவணை வந்த பிறகும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. குரூப் 4 தேர்வு எழுதினேன், கட்-ஆஃப் எட்டவில்லை. மூன்று ஆண்டுகள் முடிந்ததும் தொகை நின்றுவிட்டது. வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

2023 அக்டோபரில் ஒரு மாலை, டியூஷன் பிள்ளை ஒருத்தியின் அம்மா வாசலில் வந்து நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்தார்.

“அந்த அரசாங்கப் பணம் முடிந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னார். இப்போது வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?”

“வாங்கிக்கொள்ளலாம் அக்கா” என்று வாங்கிக்கொண்டேன்.