மண்ணடி பாய் தைத்துக் கொடுத்த ஹாமக்

மலையேற்றம் போகிறவர்கள் யாராவது ஹாமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கிற துணிப் படுக்கை, வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை சென்னை மண்ணடிக்குப் போய்ப் பாருங்கள். மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள்ளே பை தைக்கிற கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. 'பை ரிப்பேர், ஜிப் மாற்றப்படும்' என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பெரிய மிஷின், தலைக்கு மேலே கொத்துக் கொத்தாக ஸ்கூல் பைகள். அங்கே தைத்து வாங்கிய ஹாமக்கில்தான் நான் இப்போது வெளியூர் போனால் தூங்குகிறேன். வீட்டுக் கட்டிலைவிட நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மனதாரச் சொல்வேன்.

ரெடிமேடாகக் கிடைப்பதில் என்ன குறை என்று கேட்பீர்கள். நீளம்தான் குறை. நான் முன்பு வைத்திருந்தது 260 செ.மீ. நீளம். எனக்கு 5 அடி 9 அங்குல உயரம். அதில் படுத்தால் இடுப்பு தொங்கி, கால் மேலே தூக்கிக்கொண்டு, முழங்கால் பின்பக்கமாக மடங்கி வலிக்கும். அரை மணி நேரம் படுத்துப் புத்தகம் படிக்கலாம், ராத்திரி முழுக்கத் தூங்க முடியாது. ஹாமக்கில் நடுக்கோட்டில் நேராகப் படுக்கவே கூடாது. தலை ஒரு பக்கம், கால் எதிர்ப் பக்கம் என்று கொஞ்சம் கோணலாகப் படுக்க வேண்டும். அப்போதுதான் துணி உடம்புக்குக் கீழே தட்டையாக விரிந்து முதுகு நேராகும். அப்படிக் கோணலாகப் படுக்க 11 அடி, அதாவது 335 செ.மீ. நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் வேண்டும். இந்த அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் கடைக்காரர் பாயிடம் போனேன்.

அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "தூளிதானே தம்பி? பெரிய ஆளுக்குத் தூளி" என்றார். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: "படுக்கிற ஆளு எத்தனை கிலோ?"

துணி நாம்தான் வாங்கித் தர வேண்டும். கோடவுன் தெருவில் நான் சுற்றி அலைந்து எடுத்தது ரிப்ஸ்டாப் நைலான். பொடிப்பொடிக் கட்டமாக இடையிடையே தடித்த இழை ஓடும். எங்காவது குத்திக் கிழிந்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டிச் சுலபமாக ஓடாது. கடையில் 'ரெயின்கோட் துணி' என்று கேட்டால் இதையும் காட்டுவார்கள், ரப்பர் பூச்சு போட்டதையும் காட்டுவார்கள். பூச்சுத் துணி வேண்டாம். துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு அந்தப் பக்கம் போனால் எடுங்கள், போகாவிட்டால் வைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றுப் போகாத துணியில் படுத்தால் விடியும்போது முதுகெல்லாம் ஈரமாக இருக்கும். நான் எடுத்தது சதுர மீட்டருக்கு 65 கிராம் வருகிற ரகம், அகலம் 60 அங்குலம். அகலத்துக்கு ஒட்டுப் போட வேண்டியதில்லை, மூன்றரை மீட்டர் போதும். தைத்து முடித்த ஹாமக் முந்நூற்றுச் சொச்சம் கிராம்தான். கட்டுகிற நாடாவையும் கயிற்றையும் சேர்த்தாலும் அரைக் கிலோவை ஒட்டித்தான் வருகிறது.

இனி தையல். பாயின் கைவேலையைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும். மிஷினில் இருந்த தடிமனான ஊசியைக் கழற்றிவிட்டு மெல்லிய ஊசி போட்டார். பருத்தி நூலைத் தொடவில்லை, பாலியெஸ்டர் நூல்தான். நீளவாக்கு ஓரம் இரண்டையும் மெல்லச் சுருட்டி மடித்து ஒரே ஓட்டமாக அடித்தார். இரண்டு நுனியிலும் பாவாடைக்கு நாடா கோர்க்க வைக்கிற மாதிரி ஓர் அங்குல மடிப்பு வைத்து, அதன்மேல் மூன்று வரித் தையல். நான்காவது வரியும் போடச் சொன்னேன், மறுத்துவிட்டார். "நெருக்கித் தைச்சா தபால்தலை ஓரம் மாதிரி ஆயிடும் தம்பி, அங்கயே கிழியும்." தையலுக்குத் தையல் 3 மி.மீ. இடைவெளி இருந்தது, வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டியிருக்கிறார், ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. இவ்வளவுக்கும் கூலி 350 ரூபாய்.

அந்த மடிப்புக்குள் கயிறு கோர்த்துச் சுருக்கினால் துணி கொசுவம் கொசுவமாகச் சேர்ந்துகொள்ளும். கொசுவத்தை விரலால் நீவிச் சமமாக்கிவிட்டு இறுக்குங்கள். ஒரு பக்கம் கும்பலாகச் சேர்ந்தால் படுக்கை கோணிக்கொள்ளும். கயிறு நான் காசிமேட்டில், மீன்பிடி சாமான் விற்கிற கடையில் வாங்கினேன். 6 மி.மீ. பின்னல் கயிறு, பாலியெஸ்டர். நைலான் கயிறு பாரம் ஏறினால் நீளும், அதுவும் பனியில் நனைந்தால் இன்னும் இளகும். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பு தரையைத் தொடும். மரத்தைச் சுற்றிக் கட்ட மட்டும் கயிறு வேண்டாம், பைக்கு வார் தைக்கிற அகல நாடா வேண்டும். கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும். நாடாவையும் பாயே அளவு வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டிப் பொசுக்கி, வளையம் தைத்துத் தந்துவிட்டார். இரும்புக் கொக்கி எதுவும் இல்லாததால்தான் எடை இவ்வளவு குறைந்தது. எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,100 ரூபாய்.

கட்டும்போது விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். நாடா கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் ஏறினால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவிசைதான் வரும். 15 டிகிரியில் அது 135 கிலோ. 5 டிகிரிக்கு இழுத்தால் 400 கிலோ. தையலும் நாடாவும் விட்டுப்போவது பெரும்பாலும் இப்படி விறைப்பாகக் கட்டுவதால்தான். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஹாமக் நீளத்தில் 83 சதவீதம், அதாவது 278 செ.மீ.க்கு மெல்லிய மேல்கயிறு ஒன்று கட்டிவைத்தால், எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே மாதிரி இருக்கும். டார்ச், கண்ணாடி மாட்டிக்கொள்ளவும் உதவும்.

இதை மொட்டை மாடியில் கட்ட ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து கைப்பிடிச் சுவரை நம்பாதீர்கள், தண்ணீர்த் தொட்டிக் குழாயையும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் இழுத்தால் செங்கல் சுவர் ஆள்மேல் சாயும். கான்கிரீட் தூண் இருந்தால் மட்டும் கட்டுங்கள். தென்னை மரத்தடி கூடவே கூடாது. முருங்கை ஒடிந்துவிடும். வேம்பு, புளி, பூவரசு என்றால் எனக்குக் கவலை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சவுக்குத் தோப்பில் கட்டுவதானால், வளர்ந்து பருத்த மரமாகத் தேடுங்கள். காப்புக்காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

குறை இரண்டு உண்டு. பாய் சொன்ன நாளில் தரமாட்டார், போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கொசுவலை சேர்த்துத் தைக்கிற வேலையையும் அவர் எடுப்பதில்லை, சல்லாத் துணி தன் மிஷினில் சிக்கும் என்கிறார். வலையை நான் ஜன்னலுக்கு விற்கிற கொசுவலைத் துணியில் தனியாக, மேல்கயிற்றின்மேல் போட்டு இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி தைத்துக்கொண்டேன். சென்னைக் கொசு இந்த மெல்லிய நைலான் வழியாக அடியிலிருந்தும் கடிக்கும், அதனால் முதுகுக்குக் கீழே ஒரு போர்வை விரித்துக்கொள்வது நல்லது. மார்கழியில் ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ போனால் போர்வை போதாது. அடியில் காற்று ஓடி முதுகு விறைத்துவிடும், ஃபோம் பாய் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். சித்திரை வெயிலில் அதே காற்றுக்காகத்தான் நான் இதில் படுக்கிறேன்.

மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தி மடியுங்கள். வெயிலில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் நைலான் வலுவிழந்துவிடும்.

கடைக்குப் போகிறவர்கள் மே பாதியிலிருந்து ஜூன் முடியும் வரை போக வேண்டாம், அப்போது ஸ்கூல் பை வேலைக்கே அவருக்குக் கை போதாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். துணியை வீட்டில் வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோங்கள், அளவெடுத்து அவரே வெட்டிக்கொள்வார்.