கென்டக்கி நிலப் பதிவுத் தளம்: காசு கட்டாமல் கிடைத்த கொள்ளுப்பாட்டன்

18-ஆம் நூற்றாண்டில் குடியேறிகளுக்கு மேற்கே பாதை வெட்டிய டேனியல் பூன் காலத்திலேயே கம்பர்லேண்ட் கணவாய் தாண்டி கென்டக்கிக்கு வந்த குடும்பம் தங்களுடையது என்று கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய முன்னோரைத் தேடி முதலில் சந்தா கட்டிப் பார்த்த ஒரு வம்சாவளித் தளத்தில் அப்பா பிறப்பதற்கு 4 வருஷம் முன்பே மகன் பிறந்திருந்தான். சரி, போகட்டும் என்று கென்டக்கி மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிலப் பதிவுத் தளத்தைத் திறந்தோம். இலவசம்.

1792 வரை கென்டக்கி வர்ஜீனியாவோடு இருந்ததால் அந்தக் காலப் பட்டாக்களும் இங்கேயே கிடைக்கின்றன. நண்பர் பட்டாவைப் பார்த்த குஷியில் எழுந்துவிட்டார், நான்தான் உட்காரவைத்தேன், ஏனென்றால் சுவாரசியமெல்லாம் நில அளவைத் தாளில்தான். எல்லைக்கல்லுக்குப் பதில் மரங்கள்! இந்த வெள்ளை ஓக்கிலிருந்து அந்த ஓடை வரை இத்தனை ‘போல்’ (pole) என்று எழுதியிருக்கும், ஒரு ‘போல்’ என்பது 16.5 அடி. அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் பெயரும் இருக்கும். அவர்கள் பல சமயம் மச்சானோ பக்கத்து நிலத்துக்காரரோதான். 1840 வரை மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்களெல்லாம் வெறும் எண்ணிக்கை, அதனால் இப்படி ஒரு பெயர் கிடைப்பதே பெரிய விஷயம்.

கையெழுத்தைப் படிக்கக் கண் வலிக்கும். குடும்பப் பெயரை நாலு விதமாக எழுத்து மாற்றித் தேடுங்கள், எங்களுக்கு மூன்றாவதில்தான் சிக்கியது.