ஜிசாட்-11 இணைப்பு: அந்த அரை நொடியைப் பற்றி

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் நர்ஸாக இருக்கும் தோழி போன் செய்தாள். "அக்கா, உங்களை மாதிரியே நாங்களும் சேட்டிலைட் நெட் போடலாம்னு மேனேஜர் சொல்றார். போடலாமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம்தான் எங்கள் டிஷ்ஷில் இடியால் போன டிரான்ஸ்மிட்டரை (சிக்னலை மேலே அனுப்பும் பாகம்) மாற்றிவிட்டுப் போனார்கள். அந்தக் கோபமும் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்ட மருந்தகம் இருப்பது வால்பாறைக்கு மேலே. ஃபைபர் லைன் ஒன்று இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்காவது ஒரு மரம் சாய்ந்து அது அறுந்துவிடும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் அடங்கிவிடும். அதற்காகத்தான் இஸ்ரோவின் ஜிசாட்-11 செயற்கைக்கோள் வழியாக வரும் இணைய இணைப்பை வாங்கினோம்.

மழைக்கு இது தாங்காது என்று அப்போதே பலர் பயமுறுத்தினார்கள். தாங்குகிறது. செயற்கைக்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 74 டிகிரி கிழக்கில். நாம் அதிலிருந்து 10 டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். ஆகவே டிஷ் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்க்கிறது, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. சுற்றியுள்ள மலையோ சில்வர் ஓக் மரங்களோ மறைப்பதில்லை. சிக்னல் மழைக்குள் கடந்து வரும் தூரமும் குறைவு. மழை வலுத்தால் மோடம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இணைப்பைக் காப்பாற்றும். கொட்டித் தீர்க்கும் நேரத்தில் சில நிமிடம் போகும், அப்புறம் வந்துவிடும். ஃபைபர் அறுந்து கிடந்த நாட்களில் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் எக்ஸ்ரே படங்களும் இதன் வழியாகத்தான் கோயம்புத்தூர் போயின. அதற்காக இதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சில விசித்திரங்களும் உண்டு. இங்கே நல்ல வெயில், ஆனால் இணைப்பு தள்ளாடும். நம் டிஷ் செயற்கைக்கோளோடு பேசுவது கேயு (Ku) அலைவரிசையில்; செயற்கைக்கோளுக்கும், நம்மை இணையத்தோடு இணைக்கும் தரையிலுள்ள தலைமை நிலையத்துக்கும் இடையே ஓடுவது கேஏ (Ka) அலைவரிசை. அது மழைக்கு இன்னும் சீக்கிரம் மங்கும். ஆக, தலைமை நிலையம் இருக்கும் ஊரில் பெய்கிற மழை இங்கே நம்மைத் தொடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போதும் சில நிமிடம் தடைபடும். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். தாமதம்.

செயற்கைக்கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். நான் கேட்பது மேலே போய், கீழே தலைமை நிலையத்துக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒளி வேகத்தில் போனாலே கிட்டத்தட்ட அரை நொடி. மோடமும் தலைமை நிலையமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால், 600 மில்லிவினாடிக்குக் கீழே ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அரை நொடிதானே என்று தோன்றும். வீடியோ பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் எங்கள் வேலை டாக்டரையும் நோயாளியையும் பேச வைப்பது. டாக்டர் கோயம்புத்தூரில் இருந்து, "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்கிறார். அந்த அம்மா உடனே "இல்லை" என்கிறார். அது டாக்டர் காதில் விழுவதற்குள் அவர், "நெஞ்சு வலி இருக்கா?" என்று அடுத்ததைக் கேட்டுவிடுகிறார். கேட்டு முடிக்கும்போது "இல்லை" வந்து சேர்கிறது. எந்தக் கேள்விக்கு அந்த "இல்லை"? மறுபடி கேட்க வேண்டும். மறுபடி கேட்டாலே எங்கள் ஜனங்களுக்குப் பயம், ஏதோ பெரிய வியாதி என்று. சிலர் பதிலையே மாற்றிவிடுகிறார்கள். இப்போது தோட்டத்தில் ஜார்க்கண்டில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு நடுவில் ஒருவர் இந்தியில் சொல்ல வேண்டும். மூன்று குரல்கள், நடுவில் இந்த இடைவெளி. டாக்டர் கேட்டு முடித்ததும் கையைத் தூக்குவார், அதற்குப் பிறகுதான் இங்கே பேசுவோம் என்று வழக்கமாக்கியிருக்கிறோம். வேலை நடக்கிறது. ஆனால் நோயாளி தயங்கிச் சொல்கிறாரா, பட்டென்று சொல்கிறாரா என்பதும் டாக்டருக்கு ஒரு தகவல். அது வழியிலேயே தொலைந்துவிடுகிறது. ஒரு மருந்தகத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இன்னொரு தோட்டத்து மருந்தகத்திலும் இதே இணைப்பு. அவர்களோடு பேசினால் குரல் மேலே போய், தலைமை நிலையத்துக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறி, அவர்களிடம் இறங்கும். தாமதம் இரட்டிப்பு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிடுவதே மேல் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம்.

இதற்கு இஸ்ரோவைக் குறை சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் ஏவிய ஜிசாட்-6ஏ தொடர்பிழந்ததும், ஏவுவதற்காகத் தென் அமெரிக்காவில் உள்ள கூரூ ஏவுதளம் வரை போன ஜிசாட்-11ஐத் திரும்பக் கொண்டுவந்து சோதித்துவிட்டு, டிசம்பரில்தான் அனுப்பினார்கள். அந்தக் கவனம் தெரிகிறது. எங்களுக்கு வந்த பழுதெல்லாம் தரையில்தான். எனக்கு ஆதங்கம் விற்பவர்கள் பேச்சைப் பற்றி. நொடிக்கு 16 ஜிகாபிட், நாட்டைப் பங்கிட்டு மூடும் 32 சிக்னல் கற்றைகள் என்று கொள்ளளவைச் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் போன ஜிசாட்-என்2 48 ஜிகாபிட். ரொம்ப நல்லது, சாயங்கால நெரிசல் குறையலாம். ஆனால் அதுவும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. கொள்ளளவை மூன்று மடங்காக்கினாலும் அந்த அரை நொடி அப்படியேதான் இருக்கும். இதை விற்பவர் ஒருவராவது வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாமா?

பழுதுக் கதை: டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உதிரி பாகம் மலையில் இல்லை, வெளியூரிலிருந்து வர வேண்டும். பிறகு ஆள் வர வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு என்றதும் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். வந்த தம்பி மட்டும் நல்ல பையன், மழையில் நனைந்துகொண்டே மாட்டிக் கொடுத்தான்.

சரி, தீர்ப்பு. மேலே இவ்வளவு பாராட்டியும் நான் கொடுப்பது ஐந்துக்கு இரண்டு. ஃபைல் அனுப்ப, மருந்துக் கணக்கு ஏற்ற, ஃபைபர் அறுந்தால் தப்பிக்க மட்டும் வேண்டுமென்றால் நாலரைகூடக் கொடுப்பேன். ஆனால் மனிதர்கள் பேசத்தானே நாங்கள் வாங்கினோம்? ஐந்நூறு கிலோமீட்டர் உயர வாக்கில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்ட ஸ்டார்லிங்க் சேவைக்கு 2025இல் நம் நாட்டில் உரிமம் கிடைத்திருக்கிறது. அது எங்கள் மலைக்கு வருகிற அன்றைக்கே டாக்டர் லைனை அதற்கு மாற்றிவிடுவேன். அதுவரை சந்தாவைப் புதுப்பிக்காமலும் இருக்க மாட்டேன்.

உனக்கு என் பதில்: ஃபைபர் ஓரளவாவது நிற்கிறதென்றால் இதை மாற்று வழியாக மட்டும் போடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ஒரு டிரான்ஸ்மிட்டரும், டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் பாகமான எல்.என்.பி. ஒன்றும் உங்கள் ஸ்டோரிலேயே இருக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லி எழுதி வாங்கச் சொல். மின்னல் தாங்கியையும் எர்த்தையும் டிஷ் வைக்கும் அன்றைக்கே போடச் சொல்.