காசு கொடுத்து வாங்கும் ரெஃபரன்ஸ் பட்டியல்: பொருளியல் ஆய்வு மாணவர்கள் கவனத்துக்கு

ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போதுதான் வாட்ஸப் குழுக்களில் இந்த விளம்பரம் கண்ணில் படும்: லிட்ரேச்சர் ரிவ்யூ (முன்னாய்வுத் தொகுப்பு), 60 ரெஃபரன்ஸ், பிளேஜியரிசம் ரிப்போர்ட் (எழுத்துத் திருட்டுச் சோதனை அறிக்கை), எல்லாம் பத்தே நாளில். அப்படி ஒரு சேவைக்கு 12,000 ரூபாய் கட்டிய பொருளியல் மாணவி ஒருவருக்கு வந்த பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்ததில் கண்டவை இவை. தலைப்பு, ஊரக வேலை உறுதித் திட்டமும் விவசாயக் கூலியும். சேவையின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே வேறு குழுவில் வந்து நிற்பார்கள். ஏமாற்றும் விதம்தான் மாறுவதில்லை.

60இல் 14 கட்டுரைகள் எங்குமே வெளிவராதவை. ஆசிரியர் பெயர் நிஜம், இதழும் நிஜம், தலைப்பும் அவர் எழுதியிருக்கக்கூடியதுதான். கட்டுரை மட்டும் இல்லை. சாட்ஜிபிடி போன்ற செயலியிடம் கேட்டு அப்படியே ஒட்டினால் வருவது இப்படித்தான் இருக்கும். இதைப் பிடிக்க இணையம்கூட வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவின் தொகுதி எண் என்பது ஆண்டிலிருந்து 1910ஐக் கழித்தது. குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு 1885, எகனாமெட்ரிகாவுக்கு 1932, நம் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லிக்கு 1965. ஆகவே 2014ஆம் ஆண்டு வீக்லி என்றால் தொகுதி 49. பட்டியலில் 2014க்கு நேராக 52 என்று இருந்தது. கணக்கு ஒத்துப்போனால் கட்டுரை உண்மை என்று ஆகிவிடாது. ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பார்க்காமல் நகரக் கூடாது.

அடுத்த சோதனை டிஓஐ எண், அதாவது இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண். 10 என்று தொடங்கும் அந்த எண்ணை டிஓஐ அமைப்பின் தளத்தில் ஒட்டினால் கட்டுரையின் பக்கமே திறக்க வேண்டும். எண் இல்லை என்று வந்தால் சந்தேகம் தெளிந்துவிடும். எண் திறந்து வேறு துறைக் கட்டுரைக்குப் போவதுதான் ஆபத்து. பட்டியலில் மூன்று அப்படி இருந்தன, ஒன்று வேதியியல். நீல நிற இணைப்பு இருக்கிறதே என்று பலரும் திறந்தே பார்ப்பதில்லை. டிஓஐ இல்லாத பழைய வீக்லி கட்டுரைகளை ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்க் களஞ்சியத்தில் தேடுங்கள்.

கூகுள் ஸ்காலரில் பெயர் வருகிறது என்பது மட்டும் சான்றாகாது. வெறும் மேற்கோளாக மட்டுமே பதிவான வரிகளும் அங்கே தோன்றும். அதாவது யாரோ அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்செவியர் பதிப்பகம் மேற்கோள் வடிவத்தைக் காட்ட வைத்திருந்த கற்பனைக் குறிப்பு ஒன்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் பட்டியலில் ஏறிவிட்டது 2017இல் தெரியவந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்கள் அத்தனை பேர்.

இல்லாத கட்டுரைகளைவிட, இருக்கும் கட்டுரைகளைத் தவறாகக் கொடுத்திருந்ததுதான் வாய்மொழித் தேர்வில் மாட்டிவிடும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பற்றிய எந்த ஆய்விலும் வரும், பொருளியலாளர்கள் கார்டு, க்ரூகர் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். என்பிஇஆர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் பணித்தாளாக (இதழில் அச்சாகும் முன் வெளியிடும் வடிவம்) எண் 4509, 1993. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வெளிவந்தது 1994, தொகுதி 84, இதழ் 4, பக்கம் 772 முதல் 793 வரை. பட்டியலில் 1993 என்று போட்டு, இதழின் பெயரையும் பக்கத்தையும் சேர்த்திருந்தார்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. அச்சில் வந்திருந்தால் அதையே படித்து அதையே குறிப்பிட வேண்டும். பணித்தாளில் உள்ள அட்டவணை அச்சில் மாறியிருக்கலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, அதே இதழில் 2000ஆம் ஆண்டு நியூமார்க், வாஷர் எழுதிய மறுப்பும் கார்டு, க்ரூகர் தந்த பதிலும் பட்டியலிலேயே இல்லை. ஒரு பக்க வாதத்தை மட்டும் வைத்து முன்னாய்வு எழுதினால் புறத்தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

புள்ளிவிவரத்துக்கு “ஆதாரம்: இந்திய அரசு” என்று ஒரே வரி. இது ஆதாரமே அல்ல. என்எஸ்எஸ் (தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு) என்றால் எந்தச் சுற்று, பிஎல்எஃப்எஸ் (தொழிலாளர் கணக்கெடுப்பு) என்றால் எந்த ஆண்டு, வேலையில் இருப்பதைக் கணக்கிட்டது ஆண்டை வைத்தா (வழக்கமான நிலை) வாரத்தை வைத்தா (வாராந்திர நிலை), உள்நாட்டு உற்பத்தி என்றால் அடிப்படை ஆண்டு 2004-05ஆ 2011-12ஆ, முதல் மதிப்பீடா திருத்தியதா, என்றைக்கு இறக்கினீர்கள் என்பது வரை வேண்டும். என்எஸ்எஸ்ஸின் 68ஆவது சுற்றையும் 2017-18இல் தொடங்கிய பிஎல்எஃப்எஸ்ஸையும் ஒரே கோட்டில் வரைந்திருந்தார்கள். மாதிரி எடுக்கும் முறையே மாறியது என்ற அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம்.

பணம் கட்டி வாங்கிய இதை நூலகத்தில் சும்மா செய்யலாம். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. வீட்டிலிருந்து திறக்கத் தனிக் கணக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றாலும் வழி உண்டு: ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கிறது, பணித்தாள்களுக்கு ரெபெக் என்ற பொருளியல் தரவுத்தொகுப்பை வைத்து இயங்கும் ஐடியாஸ் தேடல் தளம் இலவசம்.

தேடும்போது சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பொருளியலில் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ஜேஇஎல் குறியீடு என்று ஒன்று உண்டு. எகான்லிட் என்ற பொருளியல் கட்டுரை அட்டவணையிலும் ஐடியாஸிலும் அதைக் கொண்டே தேடலாம். இந்தத் தலைப்புக்கு ஜே43 (விவசாயத் தொழிலாளர் சந்தை), ஐ38 (நலத்திட்டங்கள்), பெண்கள் பற்றியென்றால் ஜே16. பிறகு சொற்கள். வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது, காந்தி பெயர் சேர்ந்தது 2009இல். அதனால் எம்ஜி (மகாத்மா காந்தி) சேர்த்த எம்ஜிஎன்ஆர்இஜிஏ என்ற சுருக்கத்தை மட்டும் தேடினால் தொடக்க ஆண்டுகளின் கட்டுரைகள் நழுவும். எம்ஜி உள்ளது, இல்லாதது என இரண்டு சுருக்கங்களையும் முழுப் பெயரையும் ‘அல்லது’ (ஆங்கிலத்தில் OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். லேபர் என்ற சொல்லை அமெரிக்கர் ஒரு எழுத்துக் குறைத்து எழுதுவதால் அதற்கும் இரண்டு வடிவம் வேண்டும். நம் ஊர் ஆசிரியர்களின் இனிஷியலைச் சில தளங்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். பெயரை முன்பின் மாற்றியும் தேடுங்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் பட்டியலில் பின்னோக்கிப் போங்கள், அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியே முன்னோக்கி வாருங்கள். ஜோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் சேமிக்கும் மென்பொருளில் சேமித்தால் தட்டச்சுப் பிழை குறையும், ஆனால் தளம் தவறாகத் தந்த ஆண்டை அது திருத்தாது.

இனி அந்த பிளேஜியரிசம் ரிப்போர்ட். ஒப்புமை 7 சதவீதம்தான் என்று பச்சை நிறத்தில் காட்டுவார்கள். ஒப்புமை மென்பொருள் சொற்கள் ஒத்திருப்பதைப் பார்க்கிறதே தவிர, ரெஃபரன்ஸ் உண்மையா என்று பார்ப்பதில்லை. இல்லாத கட்டுரை எதோடும் ஒத்துப்போகாது, ஆகவே பொய் கூடக் கூட சதவீதம் குறையும்! இன்னொரு சிக்கல், உங்கள் அத்தியாயத்தை அவர்கள் வேறு கணக்கில் ஏற்றும்போது அது மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டால், பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கையில் உங்கள் எழுத்தே உங்களுடன் ஒத்துப்போகும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், 60க்கு மேல் என்றால் பதிவே ரத்து. உங்கள் சொந்த எழுத்துதான் என்று மெய்ப்பிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

யுஜிசி அங்கீகரித்த இதழ்களின் கேர் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று கூடுதல் காசும் கேட்டார்கள். அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது. ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) என்று சொன்னால் அந்தத் தளத்தின் இதழ்ப் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். பெயரை நம்பாமல் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் கொண்டு தேடுங்கள், சேர்க்கை நிறுத்தப்பட்டதா என்றும் பாருங்கள்.

கடைசியாக அவர்கள் கேட்டது நூலகக் கணக்கின் கடவுச்சொல். கொடுக்கவே கூடாது. ஒரே கணக்கில் கட்டுரைகளை மூட்டை மூட்டையாக இறக்கினால் பதிப்பகம் வளாகம் முழுவதற்கும் வழியை அடைத்துவிடும், விசாரணை உங்கள் பெயரில் வரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிட்டு நூலகரிடம் சொல்லுங்கள். பணம் கட்டி ஏமாந்திருந்தால் யுபிஐ பரிவர்த்தனை எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்; அழைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குக்குத் தாவும்.