மலைக்கு எந்த மழை ஜாக்கெட்: இரண்டரை அடுக்கா, மூன்றடுக்கா?

ஜூலை, ஆகஸ்டில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறவர்கள் குழம்புவது இதில்தான். வெளித்துணி, நீர்புகாச் சவ்வு, உள்ளே மெல்லிய பூச்சு மட்டும் என்றால் இரண்டரை அடுக்கு; பூச்சுக்குப் பதில் உள்துணி இருந்தால் மூன்றடுக்கு.

விலை: மூன்றடுக்கு பெரும்பாலும் கூடுதல்.
எடை: இரண்டரை அடுக்கு 350 கிராமுக்குள் கிடைக்கும், மற்றது பெரும்பாலும் அதைவிடக் கனம்.
நீடித்த உழைப்பு: வித்தியாசமே இங்கேதான். இரண்டரை அடுக்கில் உள்பூச்சுக்குத் துணிக் காப்பு கிடையாது. பைப்பட்டை உரசி, வியர்வைப் பசை ஏறி, கழுத்திலும் தோளிலும் செதில் செதிலாக உரியும். மூன்றடுக்கில் சவ்வு இரு துணிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும், பாறை உரசலையும் தாங்கும்.
புழுக்கம்: செங்குத்து ஏற்றத்தில் இரண்டுமே புழுங்கும், விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. அக்குளில் ஜிப் இருக்கிறதா பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு மலை என்றால் இரண்டரை அடுக்கு போதும். கனமான பையோடு பாறை, பனி என்று அடிக்கடி போகிறவர்கள் மூன்றடுக்கே வாங்கலாம். அப்புறம், வெளித்துணியில் நீர் முத்தாக உருளாமல் ஊறினால் ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். துவைத்து, நீர்விலக்கி ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும்.