பிரிட்ஜ் பழுது: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு இரட்டைக் கதவு பிரிட்ஜில் போன கோடையில் மேலே ஐஸ் கட்டியாகவே இருக்க, கீழே வைத்த பாலும் இட்லி மாவும் ஒரே இரவில் புளித்துப்போயின. பார்க்க வந்த மெக்கானிக் கால் மணி நேரத்தில், கேஸ் போய்விட்டது, ஏற்ற வேண்டும் என்றார். நான் ஒப்புக்கொள்ளாமல் நானே பிரித்துப் பார்த்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கம்ப்ரசருக்கு மட்டும் 10 ஆண்டு வரை வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு என்பதால், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் பழைய பில்லை எடுத்துப் பார்ப்பது நல்லது.

வாரண்டி முடிந்த பெட்டிக்கு, நாமே பார்ப்பதா தெரு மெக்கானிக்கிடம் விடுவதா என்பதைக் கூலியை வைத்துத்தான் பலரும் முடிவு செய்கிறார்கள். என் அனுபவத்தில் அதைத் தீர்மானிப்பது அவகாசம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் பெட்டியில், கேஸ் ஓடிக் குளிரும் குழாய்ச் சுருளான காயிலின் ஊடாகக் காற்றை இழுத்துக் கீழ் அறைக்கு அனுப்புவது மின்விசிறி. காயிலில் படியும் பனியை அவ்வப்போது உருக்குவது ஹீட்டர். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி சுவர்போல் அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கும். மேலே குளிர் இருக்கும், கீழே இருக்காது. கேஸ் குறைந்தாலும் தொடக்கத்தில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்பதால், இரண்டையும் பிரித்தறியச் சில நாட்கள் கவனித்தாக வேண்டும். நாளொன்றுக்குப் பல வீடு ஏறி இறங்கும் மெக்கானிக்கால் அது முடியாது. அவர்மேல் குறை சொல்லவும் முடியாது.

நான் பிளக்கைப் பிடுங்கி, பனி முழுக்க உருகட்டும் என்று கதவுகளை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுபடி ஓட விட்டேன். எட்டு நாள் நன்றாகக் குளிர்ந்து, ஒன்பதாம் நாள் மறுபடி கீழ் அறை சூடானது. கேஸ் போயிருந்தால் அந்த எட்டு நாள் கிடைத்திருக்காது. பிரீஸரின் உட்பக்கப் பலகையைக் கழற்றியபோது, காயிலின் எல்லா வரிசையிலும் பனி ஒரே சீராக இறுகிக் கிடந்தது. கேஸ் குறைந்த பெட்டியில் கேஸ் நுழையும் ஓரத்தில் மட்டுமே பனி பிடிக்கும்.

மல்டிமீட்டரில் ஹீட்டர் 300 ஓம் அளவில் காட்டியது, அதாவது அறுந்துபோகவில்லை. சூடு மிஞ்சினால் ஹீட்டரின் இணைப்பை அறுக்கும் ஃப்யூஸும் நன்றாக இருந்தது. மிச்சம், ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான பைமெட்டல். அது கடுங்குளிரில் மட்டுமே இணைப்புத் தரும் பொருள் என்பதால், வெளியில் வைத்து அளந்து கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அவர்கள் பிரீஸரில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு அளந்தேன். அப்போதும் மீட்டர் அசையவில்லை. பழையதைக் கடையில் காட்டி, அதே மாதிரி புதியதைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கி மாட்டியதோடு தொல்லை தீர்ந்தது. ஃப்யூஸ் போயிருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். ஃப்யூஸ் இல்லாமல் ஒயரை நேராக முறுக்கி ஓட்டினால், ஹீட்டர் அணையாமல் எரிந்து உள் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடலாம்.

கதவு ரப்பர், தண்ணீர் வடியும் துளை, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே போன்றவற்றையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். கடற்காற்று அடிக்கும் காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கங்களில் கம்ப்ரசரின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் முழுக்க மெக்கானிக் பக்கம். இப்போதைய பல பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ, எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன். காற்றோட்டமில்லாத சமையலறையில் அதன் குழாயை அறுப்பது நமக்குரிய வேலையல்ல. நான் பிரித்தது சாதாரண கம்ப்ரசர் கொண்ட ஒரே ஒரு பெட்டி. கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் போர்டு உள்ளவற்றுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருளல்ல. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடி அடைத்து, ஃபில்டரை மாற்றி, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் போட்ட பிறகு கேஸ் ஏற்றுவாரா என்று கேளுங்கள். பம்ப் இல்லாமல் சிலிண்டரோடு மட்டும் வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.