மேலுறையுடனா, மேலுறை இல்லாமலா?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1957இல் வெளியிட்ட 'த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்' என்ற ஆங்கில நூல் திருகோணமலைக்காரருக்குச் சொந்த ஊர்க் கதை. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கிக் கண்டவர் அவர்.

அதன் முதற்பதிப்புப் பிரதிகள் இரண்டு என் முன் இருக்கின்றன. அட்டையைச் சுற்றிய தாள் மேலுறை உள்ளதன் விலை பன்மடங்கு. ஆனால் அந்த மெல்லிய தாள் நம் உப்புக் காற்றில் ஓரம் நைந்து மடிப்பில் பிளக்கும். ஒரே மாரியில் பழுப்புப் புள்ளிகள் பூத்துவிடும். தெளிந்த பிளாஸ்டிக் உறையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் கட்டாயம்.

மேலுறை இல்லாதது மலிவு. பின்னர் விற்க நினைப்பவர் முதலாவதை வாங்கட்டும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கோணேசர் மலையில் கடலைப் பார்த்தபடி அதைப் படிக்கலாம். யாரோ ஒரு வாசகர் கோயில் பற்றிய பக்கங்களில் பென்சிலால் மெல்லக் கோடிட்டிருக்கிறார்.